பிறப்பிடம் என்ற கட்டம்

கரோல் பாக், பீடன்புரா, மூன்றாம் மாடி.
கீழே வெள்ளி கழுவும் அமில வாசனை.
மேலே ஏசி இருபத்திரண்டில் நிற்கிறது.
சுவர்கள் சாம்பல்; கல்லுக்குப் பக்கத்தில்
வேறு நிறம் வரக்கூடாது.
மாம்பழ நிறச் சுடிதாரில் வந்த நாளில்
வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தானும் போட்டேன்.

பதினோரு வருஷம்.
எடை, ஒளிவிலகல், சூடேற்றிய தடயம் உண்டா இல்லையா,
எல்லாம் நிரப்பிவிட்டுக்
கடைசிக் கட்டத்தில் அடிப்பேன்:
பிறப்பிடம், காஷ்மீர்.
ஒரு சொல்லில் விலை இரட்டிக்கும்.
பார்க்காத ஊருக்கு நான் போட்ட கையெழுத்துகள்
ஒரு முழு நோட்டுக்கு வரும்.

அதனால்தான் போன ஆகஸ்டில் கிளம்பினேன்.
ஜம்மு வரை ரயில். பிறகு கிஷ்த்வார்.
பிறகு ஜீப்,
இடது சக்கரம் சீனாபுக்கு மேலே பாதி காற்றில்.
சொந்த ஊர் எது என்றான் ஓட்டுநர் இஷ்ஃபாக்.
திண்டிவனம் என்றேன்.
நான் பிறந்தது கரோல் பாக்கில்.
திண்டிவனம் போனது இரண்டு முறை,
இரண்டும் சாவுக்கு.

பாடரில் இறங்கும்போதே
வலது காது அடைத்துவிட்டது.
அந்த ஊரின் பாதிச் சத்தம்தான் எனக்குத் தெரியும்.

நீலம் தேடினேன்.
முற்றத்தில் ராஜ்மா காய்ந்தது.
வாதுமை மரத்தில் கட்டிய கோவேறு கழுதை
என்னைப் பார்த்துவிட்டு முகம் திருப்பிக்கொண்டது.
சுரங்கம் இன்னும் மேலே, இரண்டு நாள் நடை;
கோடையில் சில வாரம்தான் பனி வழிவிடும்.
சாவடிக் காவலர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"கல் பார்க்கிற ஆளா?
அப்படியென்றால் நிச்சயமாக முடியாது."

ஊரில் நான் கண்ட ஒரே நீலம்
டீக்கடை பிந்த்ரோவின் மோதிர விரலில்.
புருஷன் மேலே பதினேழு கோடை பாறை உடைத்தவனாம்.
கல்யாணம் ஆன வருஷம் கொடுத்ததாம்.
பழக்க தோஷம்,
லென்ஸை எடுத்து அவள் கையை வாங்கினேன்.

உள்ளே ஒரு காற்றுக் குமிழி.
உருண்டையாக, கூச்சமே இல்லாமல்.
வளையத்தின் உட்புறம் பாதி தேய்ந்த முத்திரை:
எங்கள் சந்துக் கடை.
மோமோ வண்டிக்கு எதிரே;
என் ஜன்னலில் அதன் பலகை தெரியும்.

"எங்க மலைக் கல்தானே?"
நான் அடைத்த காதைத் தொட்டுக் காட்டினேன்.
அவள் சிரித்துக் கடுகெண்ணெய் சுட வைத்து
இரண்டு சொட்டு விட்டாள்.
பால் பொங்கி அடுப்பு சீறியதும்
அந்தப் பக்கம் ஓடினாள்.
காது உதம்பூர் தாண்டித்தான் திறந்தது.
கேள்வி உள்ளேயே இருந்தது,
எண்ணெய் மணத்தோடு.

இன்று ஒரு கல் வந்திருக்கிறது. மூன்று காரட்.
தூக்கம் கலையாத நீலம்,
நுண்ணோக்கியில் மாவு தூவியதுபோலப் பனிமூட்டம்,
நான் நடக்காத அந்த இரண்டு நாள்.
காஷ்மீர் என்று அடித்தேன்.
விரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் சந்துக்கு இறங்கினேன்.
தட்டு நிறைய நீல மோதிரம்.
எந்த ஊர்க் கல் என்று கேட்டேன்.
தராசிலிருந்து தலை தூக்காமல்
"காஷ்மீர், மேடம்" என்றான்,
நான் எழுதும் அதே உறுதியில்.

முந்நூற்றைம்பது.
ஒன்று வாங்கினேன்.
பில் வேண்டாம் என்றேன்.