மூலைகள்

பெமிட்ஜியில் பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
நீள மேசைகள் நாலு, பெண்கள் பதினொருவர்,
ஆளுக்கொரு பெட்டி நிறைய
இன்னும் ஒட்டப்படாத வருடங்கள்.

நான் தபால்காரி.
வாரமெல்லாம் செவ்வகங்களைச்
செவ்வகங்களுக்குள் போடுகிறவள்.
அதனால்தானோ என்னவோ
இங்கே வந்தால் கை வட்டத்தைத் தேடுகிறது.

கருவி சின்னது, உள்ளங்கையில் அடங்கும்.
தலைகீழாகப் பிடித்தால்
யார் மாட்டியிருக்கிறார்கள் என்று
அதன் வாய்வழியே தெரியும்.
ஓர் அழுத்து. டக்.
சட்டைப் பொத்தான் தெறிப்பதுபோல
முகம் மட்டும் மேசையில் விழும்.

பக்கத்து நாற்காலியில் தைரா.
பகலில் பனி வாரும் லாரி ஓட்டுகிறாள்,
மாலையில் எங்கள் பக்கங்களுக்குச் சட்டம் சொல்கிறாள்.
இரண்டு வட்டம் வைக்காதே,
கண்ணாகிப் பக்கமே உன்னை முறைக்கும்.
மூன்று வை, பெரிசு, நடுத்தரம், பொடிசு.
நேர்கோட்டில் வைத்துவிடாதே,
சிக்னல் விளக்காகிவிடும்.
ஒன்றையாவது விளிம்பில் பாதியாக வெட்டு,
மீதிப் பாதியைப் பார்க்கிறவள் வரைந்துகொள்வாள்.

சரி.
சுற்றி வளைப்பானேன்.
வென்டல் போய்ப் பதினாலு மாதம்.
சாகவில்லை, டுலூத்தில் இருக்கிறான்.
எங்கள் வீட்டுப் படம் எதிலும்
நடுவில் நின்றதில்லை அவன்.
ஒரு முழங்கை, அரைத் தொப்பி,
எப்போதும் ஏதாவதொரு மூலை.
வட்டத்தின் சௌகரியமே அதுதான்,
அதற்கு மூலை கிடையாது.
கத்தரிக்கோல் எடுத்தால் மனசு உறுத்தும்.
வட்டம் போட்டால்
அழகுணர்ச்சி என்று பெயர்.

இருபத்திரண்டு படம் முடித்தேன்.
இருபத்துமூன்றாவது, உறைந்த ஏரி.
லீஃபுக்கு ஒன்பது வயது.
முழந்தாளிட்டு, மூக்கு சிவந்து,
கையகல மீனைக் கேமராவுக்குக் காட்டுகிறான்,
மீனைவிட அகலமாகச் சிரிக்கிறான்.
டக்.

மகன் தனியே வந்தான்.
மிச்சப் படம்
என் கருநீலத் தாளின்மேல் விழுந்தது.

சுற்றிலும் பனிக்கட்டி.
நடுவில் கச்சிதமாக ஒரு துளை,
துளைக்குள் கருநீலம்.
சற்றுமுன் என் பிள்ளை இருந்த இடத்தில்
ஏரி வாயைத் திறந்திருந்தது.

அள்ளிக் குப்பை டப்பாவில் போடப்போனேன்.
வலது கீழ்மூலையில் ஆரஞ்சுக் கையுறை.
அதில் ஒரு ஜல்லிக்கரண்டி.

அந்தக் குளிரில், துளையிட்ட நீர்மேல்
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
பாலாடைபோலப் பனி படியும்.
விட்டால் தூண்டில் கயிறு சிக்கிக்கொள்ளும்.
படிய வாரினான், படிய வாரினான்,
மூன்று மணி நேரம்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
வீடு திரும்பும் வழியில்
அதற்கும் சண்டை பிடித்தேன் நான்.

ஒட்டினேன், துளையோடு, மூலையோடு.
லீஃபின் வட்டத்தைத்
துளைமேல் கொஞ்சம் விலக்கி வைத்தேன்,
நீலம் ஒரு பிறையளவு தெரியும்படி.
முழுதாக மூட மனம் வரவில்லை.
முழுதாகத் திறந்துவிடவும்.

தைரா எட்டிப் பார்த்தாள்.
“இரண்டுதான் இருக்கு. முறைக்குமே?”
முறைக்கட்டும் என்றேன்.
கையுறையைப் பார்த்திருப்பாள்,
பசையை என் பக்கம் நகர்த்தியதோடு சரி.

தலைப்புக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.
அந்த இருபத்திரண்டு படங்களின் மூலைகளும்
காப்பி டப்பாவில், பெஞ்சுக்கடியில்.
கொட்டிவிடுங்கள் என்று சொல்லவில்லை,
எடுத்துவரவும் இல்லை.

வெளியே கார்க்கண்ணாடி முழுக்க உறைபனி.
எல்லாவற்றையும் சுரண்டப் பொறுமையில்லை.
முகம் அளவுக்கு ஒரு வட்டம் சுரண்டி
அதன் வழியே பார்த்துக்கொண்டு
மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.