ஓர்வின் செத்த மறுநாள்

பேரணாம்பட்டில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும்
கம்பெனி பஸ்ஸில் அன்று
யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.
முந்தைய ராத்திரி பதினொன்றரைக்கு
பாலத்தின் நடுவில் ஓர்வின் செத்துப்போயிருந்தான்,
கூடவே இருந்தவன் நீட்டிய தண்ணீரைக் குடித்து.

"தூக்கமில்ல" என்றாள் நவ்ஷீன்,
யாரும் கேட்காமலே.
"பொணத்தக் காட்டுனாங்களா? காட்டல.
அப்ப வருவான்" என்றாள் சுகிர்தமேரி.
"சம்பளம் ஏத்திக் கேட்டிருப்பான்,
போட்டுத் தள்ளிட்டானுங்க"
என்றார் டிரைவர் ஏகாம்பரம், ஒரு தொடர்கூடப் பார்க்காதவர்.
பின்சீட்டில் யாரோ
அவன் உயிரோடிருந்த எட்டாம் பாகத்தை
சத்தமில்லாமல் மறுபடி ஓடவிட்டிருந்தாள்.

ஆம்பூரில், அப்பர் தைக்கும் மூன்றாம் லைனில்
மணிக்கு நூற்றிருபது ஜோடி.
அன்று தொண்ணூற்று நாலு.
சூப்பர்வைசர் வந்து நின்றார்.
"ஒருத்தர் தவறிட்டாரு சார்" என்றாள் பவுனு.
"யாருக்கு உறவு?"

மிஷின்கள் ஒரு நொடி நின்று
மறுபடி ஓடின.

மாமனார் செத்த மூன்றாம் நாள்
வேலைக்கு வந்தவள் இந்தப் பவுனு.
அன்று ஒரு ஜோடிகூடக் குறையவில்லை.

எனக்குத் தெரியும்.
பதினாலு மாதமாகவே தெரியும்.
வேலூர் லாங்கு பஜாரில்
எடைக்கு வாங்கிய புத்தகம், அட்டை கிடையாது.
அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
அறுநூற்றுப் பதினோராம் பக்கத்துக்கு வந்தபோது
கரண்ட் போனது. மெழுகுவத்தியில் செத்தான்.
அதற்கப்புறம் வந்த வியாழக்கிழமைகளில் எல்லாம்
நவ்ஷீன் அவன் சிரிப்பைப் பற்றிச் சொல்ல
நான் தலையாட்டினேன்.
அவள் செல்போன் உறையில் அவன் படத்தை ஒட்டியபோது
பசை டப்பாவை நகர்த்திக் கொடுத்ததும் நான்தான்.

சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறிவிட்டது.
"புத்தகத்துலயும் இப்படித்தான்."

டிபன் மூடி உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது.
"தெரிஞ்சேவா பக்கத்துல உக்காந்து பாத்த?"

எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில்
அபிமன்யு சாகப்போவது கைக்குழந்தைக்கும் தெரியும்,
தெரிந்துதான் போர்வையோடு போய் உட்காருகிறோம்
என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
அங்கே எல்லோருக்கும் தெரியும்.
இங்கே எனக்கு மட்டும்.

சாயங்காலம் பஸ்
பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.
கீழே தண்ணீர் இல்லை. மணலும் கருவேலமும்
தோல்ஷாப்பு வாடையும்.
முன்சீட்டிலிருந்து, திரும்பாமலே, நவ்ஷீன்:
"புத்தகத்துல, சாகுறப்ப என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல.
பூட்ஸக் கழட்டினான்.
தண்ணிப் பையத் தூக்கிட்டு வந்த பையன்
வெறுங்கால்ல நின்னான். அவன் பக்கம் தள்ளிவிட்டான்.
அப்புறந்தான் விழுந்தான்."

டிவியில் அதை வெட்டிவிட்டார்கள்.
ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பஸ்ஸில் யாரும் அழவில்லை. பவுனுதான் கேட்டாள்:
"வார் வச்சதா, கயிறா?"
"பையனுக்குப் பெருசா இருக்குமே."
"முன்னால துணி திணிச்சுக்குவான்."
"அந்தக் குளிருக்கு உள்ள லைனிங் வேணும்டி."
"எத்தனாம் நம்பர்?"

புத்தகத்தில் நம்பர் இல்லை.
ஆடா மாடா என்றும் எழுதவில்லை.
எழுதினவருக்கு யாரும் அப்பர் தைத்துக் காட்டியிருக்கமாட்டார்கள்.

"ஒன்பது" என்றேன்.
"ஆட்டுத்தோல். கணுக்கால்கிட்ட ரெட்டைத் தையல்."

ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி
கொஞ்ச தூரம் போனபிறகு நவ்ஷீன் சொன்னாள்:
"ரெட்டைத் தையல்னா
அந்தப் பையன் வளர்ற வரைக்கும் தாங்கும்."