பன்னிரண்டே கால் வண்டி

பதினான்காம் கல்லிலிருந்து இருபத்திநான்கு வரை
என் பொறுப்பு.
மண்வெட்டி ஒன்று, கடப்பாரை ஒன்று,
இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தருவதாக
நான்கு வருஷமாய்ச் சொல்லப்படும் மழைக்கோட்டு.
அவர் செத்து எனக்கு வந்த வேலை.
மேலே யாருக்கும் என் பெயர் தெரியாது. ரோட்டக்கா.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி
பதினேழில் மலை இறங்கி உட்கார்ந்துகொண்டது,
இரண்டு சீகைமரங்களை நின்ற வாக்கிலேயே கொண்டுவந்து
ரோட்டின் நடுவில் நட்டுவிட்டு.
சத்தம் கேட்டதாக அப்புறம் எல்லோரும் சொன்னார்கள்.
நான் நன்றாகத் தூங்கினேன்.

கோத்தகிரி வண்டி மேலே மாட்டிக்கொண்டது.
சோலைமட்டத்தில் படுத்து
காலை ஆறு நாற்பதுக்கு இறங்கி
இரவு எட்டரைக்கு ஏறுகிற ஒரே வண்டி.
இடையில் பகல் முழுக்க அந்த ரோட்டில்
காட்டுமாடும் நானும்.

ஒன்னதொரையும் பத்தாம் நம்பர் லைனும்
ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்தான்.
மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவரிடம்
சௌக்கியமா என்று கேட்க
பதினெட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

டிரைவர் சூசைமாணிக்கம் முதல் இரண்டு நாள்
ஸ்டியரிங்கில் தலைவைத்துக் கிடந்தார்.
வண்டியை அசைக்காதே என்றிருந்தது டெப்போ.
மூன்றாம் நாள், ஜோகியின் கேரட் பதினோரு மூட்டை,
சரிவு வரைக்கும் மட்டும்.
நான்காம் நாள், லைன் பிள்ளைகள்,
ஒன்னதொரைப் பள்ளிக்கூடம் வரைக்கும் மட்டும்.
அதற்கப்புறம் எங்கேயோ ஒரு வளைவில்
அந்த 'மட்டும்' உதிர்ந்துவிட்டது.
டீசல் கேன் கேனாகத் தோளில் ஏறி
சேற்றைத் தாண்டி வந்தது.
யார் காசு என்று நான் கேட்கவில்லை.

கரண்ட் இல்லை. டிக்கெட் மிஷின்
இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டது.
கண்டக்டர் பிரபுலிங்கம் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டார்,
ஒரு நாள் கருவாடு.
முதலில் மூக்கைப் பொத்தியவர்
மறுநாள் கேட்டே வாங்கினார்.

பன்னிரண்டே காலுக்கு ஒரு டிரிப் நிலைத்தது.
அதில் லைனிலிருந்து புஷ்பலீலா
தையல் மிஷினை ஏற்றி ஒன்னதொரையில் இறக்கினாள்,
கிழிந்த சட்டையெல்லாம் அங்கேதான் இருக்கிறதாம்.
சோலைமட்டத்து மாரன்
முப்பது வருஷத்தில் முதல் தடவையாக
லைன் கோயிலைப் பார்த்துவிட்டு
"இவ்வளவு கிட்டவா இருந்தது?" என்று
யாரையோ கோபித்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் ஜேசிபி வந்தது.
சாயங்காலம் மாதி டீ கொண்டுவந்தாள்,
ஆபரேட்டருக்கும் எனக்கும்.
"ரோட்டக்கா, மிஷின்னா ரிப்பேர் ஆகாதா?"
கேட்டுவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மறுநாள் அவள் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள்.
லைன் ஆட்கள் வருவதாக இருந்தார்கள்,
வண்டியில்.

ஓவர்சியரிடம் சொன்னேன்:
முதலில் மடையைத் தோண்டணும் சார்,
இல்லாவிட்டால் அள்ள அள்ளச் சரியும்.
பொய் இல்லை.
அத்தனை அவசரமும் இல்லை.
மடைக்கு ஒன்றரை நாள் ஆனது.

பன்னிரண்டாம் நாள் ஆறு நாற்பதுக்கு
சூசைமாணிக்கம் ஹாரன் அடிக்காமல் இறங்கினார்.
போக்குவரத்து சீரானது என்று நோட்டில் எழுதினேன்.
அன்று மத்தியானம் பதினெட்டாம் கல்லில்
ஒரு பையனும் அவன் தங்கச்சியும் நின்றார்கள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ரோட்டைத்தான் பார்த்தார்கள்.
நான் மண்வெட்டியைத் துடைத்தேன்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

இருபத்தொன்றாம் கல்லில் யாரோ
கரித்துண்டால் எழுதியிருக்கிறார்கள்: 12.15.
தையில் எல்லாக் கல்லுக்கும்
வெள்ளை அடிக்கச் சொல்லி உத்தரவு.
அடித்தேன்.
ஒரு கல்லுக்குப் பெயிண்ட் போதவில்லை என்று
நோட்டில் எழுதியிருக்கிறேன்.