எண் மூன்று

விலைக்குறைப்பு இன்றிரவு பன்னிரண்டோடு முடிகிறது.

மடிக்கணினியில் மூன்று பியானோக்கள்.
மூன்றும் சோதனைப் பதிப்பு.
இருபது நிமிடம் பாடிவிட்டுத்
தாமாகவே வாயடைத்துக்கொள்பவை.

செவ்வாய்ப்பேட்டை, இரண்டாம் மாடி.
கீழே கொலுசுப் பட்டறையில்
பாலீஷ் மிஷின் ஓய்ந்த பிறகுதான்
எனக்குப் பொழுது விடியும்.
ஏற்காட்டு ஹோட்டல் ஒன்று கழித்துக்கட்டிய கீபோர்டு,
அழுத்தினால் எழுந்திருக்க யோசிக்கும்
அதன் கடைசிக் கட்டை.

முதலாவது, வியன்னாவில் ஏதோ மண்டபமாம்.
தொட்டதும் கூரை எங்கோ உயரத்துக்குப் போய்விடுகிறது.
பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே
அவ்வளவு பெரிய எதிரொலியை
எங்கே உட்கார வைப்பேன்?

அடுத்தது நல்ல பியானோதான்.
முழுசாய் வாங்கினால் அறுபது ஜிபி.
எங்கள் நெட்டில் அது இறங்கி முடிப்பதற்குள்
கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிடுவார்கள்.

இன்னொன்று
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்.
யாரும் வாய் வைத்ததில்லை.

'காசு எதுக்குண்ணே, பென்டிரைவ்ல எல்லாமே இருக்கு'
என்கிறான் தவமணி, கல்யாணக் கச்சேரி பாஸ் கிட்டார்.
வேண்டாமென்றேன்.
ஏனென்று கேட்டான்.
எட்டு மாதமாய் நாலே வரியில் நிற்கும் பாட்டுக்குத்
திருட்டுப் பியானோ வேறா, என்று
சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

மென்பொருளோடு இலவசமாய் வந்த ஒன்றும் உண்டு.
இரண்டு வருஷம் அதில்தான் வாசித்தேன்,
யாராவது கேட்டால்
விலையுள்ள ஒரு பெயரைச் சொன்னேன்.

முழங்கையில் ஜவ்வரிசி மாவோடு
சுகந்தி வந்தாள்.
நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
'எங்க குடோன்ல
மில்லு பேரை மறைச்சுட்டுத்தான் தரம் பார்ப்போம்.
பேரு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்.
இதுல காது.'

துண்டை எடுத்துத் திரைமேல் போட்டாள்.
இலவசத்தையும் சேர்த்துக்கொண்டாள்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
கண்ணை மூடிக்கொண்டு
அதே நாலு வரியை வாசித்தேன்.

'மூணு.'
கலைத்துப் போட்டு, மறுபடி எண் வைத்துத் தந்தாள்.
'இப்ப ஒண்ணு.'
இன்னொரு தடவை.
'நாலு.'
துண்டுக்குள் தலைவிட்டுப் பார்த்தவள்
சிரித்தாள், வெளியே வந்தும் சிரித்தாள்.

'மூணு தடவையும் ஒண்ணையேதான் எடுத்திருக்க.
மொத நம்பரே இருக்கட்டும், மூணு.'

எதுவென்று கேட்டேன்.
'பாட்டை முடி. அப்புறம் சொல்றேன்.'
கட்டிலில் சாய்ந்தவள்
இரண்டு கொட்டாவியில் தூங்கிப்போனாள்.

மணி பதினொன்று நாற்பது.
மூடிய துண்டின் முன்னால்
யாரோ எவரோ தெரியாத ஒரு பியானோவிடம்
முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.
நாலாவது முடிகிற இடத்தில், வழக்கமாய் நான் எழுந்து
தண்ணீர் குடிக்கப் போகும் இடத்தில்,
கை நிற்கவில்லை.
ஐந்தாவது வரி கொஞ்சம் கோணலாய் வந்தது.
வந்தது.
கடைசிக் கட்டை எழ யோசித்த நேரத்தையும்
அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு ஆறு. பிறகு சரணத்தில் பாதி.

செல்போனில் மணி பார்த்தேன்.
பன்னிரண்டே கால்.

எண் மூன்று
இன்னும் வாயடைக்கவில்லை.