வாங்கு

எதிர்ப்புக் கடிதத்தில் முதல் கையெழுத்து
என்னுடையது.
"வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால்
வாடிக்கையாளர் எப்படி வருவார்?"
அந்த வசனமும் என்னுடையது.
அட்டன் பஜாரில் நாற்பத்தொரு கடை ஒப்பமிட்டது.
நகரசபையில் வாசித்தார்கள்,
தேத்தண்ணி தந்தார்கள்,
மறுவாரம் தெருவைத் தோண்டினார்கள்.

ஏழு மாதம்.
செருப்புக் கடைக்கு முன்னால் சேறு கிடந்தால்
உனக்கு லாபம்தானே என்று
நளீர் நானா நக்கலடித்தார்.
அவருடைய தேத்தண்ணிக் கடையில்
ஈ மட்டும் ஓடர் கொடுத்தது.

பிறகு கானை மூடினார்கள். கல் பதித்தார்கள்.
நடைபாதை எட்டடி ஆனது.
என் கண்ணாடி அலுமாரியை மறைத்துக்கொண்டு
பதினொரு வருடம் நாளெல்லாம் நின்ற
நீல வேன் இடம் இழந்தது.
அது யாருடைய வேன் என்று கேட்காதீர்கள்.
சாவி என் சட்டைப்பையில்.

விளக்கு வந்தது.
ஆறரைக்குப் பனி இறங்கினால்
பலகைக் கதவை இழுத்துப் பூட்டும் ஊர்.
இப்போதும் பனி இறங்குகிறது,
அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஆட்கள் நடக்கிறார்கள்.
எட்டு மணி வரை கடை.
அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள்தான்
சுபாஷினியின் சம்பளம் இருக்கிறது.
போன வருடம் அப்படியொரு வேலையே
இந்த ஊரில் இல்லை.

பத்தாந் தேதி
தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸில் வருவார்கள்.
அரிசி, மா, பிள்ளைக்கு இருமல் மருந்து,
உடனே திரும்பும் பஸ்ஸுக்கு ஓட்டம்.
நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளும் கை
டவுனில் ஒரு பிளேன்டீயைத் தொட்டதில்லை.
காசைப் பிடித்து வைக்கிறார்கள் என்று நினைத்தேன்,
நானாவும் அப்படித்தான்.
பஸ் ஸ்டாண்ட் பக்கம் மலசலகூடம் கட்டி,
தண்ணீர் வரவைத்து, உள்ளே தாழ்ப்பாளும் போட்ட பிறகே
சங்கதி விளங்கியது.
குடித்தால் எங்கே போவது?
இருபத்தாறு வருடம் தேத்தண்ணி விற்றவருக்கு
ஒரு தாழ்ப்பாள் சொல்லித்தர வேண்டியிருந்தது.
நானா இரண்டாவது கேத்தல் எடுத்தார்.

எனக்குக் கிடைத்தது ஒரு வாங்கு.
கடைக்கு நேரே, மரப்பலகை, இரும்புக் கால்.
அன்றைக்கே முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன்:
சும்மா இருக்கிறவரால் யாருக்கு என்ன பலன்?

சும்மா இருந்தவள் பெயர் ராசம்மாள், மேல் டிவிசன்.
காலை நீட்டினாள்.
வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பைக்
கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள்.
நிமிர்ந்து என் கண்ணாடியைப் பார்த்தாள்.
ஐந்தரை பஸ் போனது.
அவள் போகவில்லை.

தமிழ் லேசுப்பட்டதில்லை.
உட்காரும் பலகைக்கும் வாங்கு,
காசு கொடுத்து எடு என்பதற்கும் வாங்கு.
முதலாவது
பறங்கியிடம் வாங்கியதாம்.

தெருவுக்கு எத்தனை கோடி போனதென்று
எனக்குத் தெரியாது. என் கொப்பி தெரியும்:
வைகாசியில் நூற்றுப்பன்னிரண்டு சோடி,
போன வைகாசியில் அறுபத்துநாலு,
குடை தனிக்கணக்கு.

ஆடியில் கட்டடக்காரர் வந்தார்.
வாங்கில் சாய்ந்து தெருவை ரசித்தார்.
"நல்லாச் செய்திருக்கிறாங்க" என்றார்,
வாடகையில் மூன்றிலொரு பங்கு கூட்டினார்.
இந்தத் தெருவுக்கு அவர் ஒரு கல்லும் தூக்கவில்லை.
நான் மட்டும் தூக்கினேனா?
தூறல் பிடிக்க, ஒரு குடை எடுத்தார்.
அதற்கும் பேரம் பேசினார்.

நேற்று டிக்கோயா ரோட்டு முதலாளிமார்
கடிதத்தோடு வந்தார்கள்.
அங்கேயும் தோண்டப் போகிறார்களாம்.
என் பழைய வசனத்தை
அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள், பிழையில்லாமல்.
பேனாவை நீட்டினார்கள்.

வாடகையில் தொடங்கினேன்,
எப்படியோ கேத்தலில் போய் நின்றேன்.
பாதிதான் விளங்கியிருக்கும்.
நின்றபடியே கேட்டார்கள், பாவம்,
வாங்கில் இடமில்லை.
ராசம்மாளும் இன்னும் மூன்று பேரும்
பஸ்ஸையும் பார்க்காமல், கண்ணாடியையும் பார்க்காமல்,
எதுவும் வாங்காமல்
பேசிக்கொண்டிருந்தார்கள்.