குளிமுறிக்குப் பதினெட்டாயிரம்

களியக்காவிளையில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில்
ஷவர் என்று ஒன்று இருந்தது.
திருகினால் முதலில் சுவருக்குள் ஓர் இருமல்,
பிறகு மூன்று நூல் தண்ணீர்.
அதில் ஒன்றுதான் என்மேல் விழும்.

கையில் பதினெட்டாயிரம், சீட்டு எடுத்த காசு.
அதற்கு மேல் ஒரு ரூபாய்
வில்பிரட்டின் சட்டைப்பையிலும் இல்லை,
என் வளையல் இருந்த இடத்திலும் இல்லை.

பாறசாலையிலிருந்து சுகுமாரன் மேஸ்திரி வந்தார்.
விரல் மடக்கிச் சுவரைத் தட்டினார்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல்.
"மொத்தமாட்டு இடிச்சா அறுபது ஆவும்."
நோட்டைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார்.
"அப்பம், ஷவர் நிக்குத சுவரு மட்டும் மேல வரை டைல்.
பாக்கி மூணும் இடுப்புக்கு.
தரையைத் தொடண்டாம்.
சரிவு நல்லாருக்கு, யாரோ தெரிஞ்சவன் போட்டது."

படந்தாலுமூட்டில் ஒரு கடை.
பின்கட்டில் விற்று மிஞ்சிய பெட்டிகள்.
ஒரே நிறத்தில் நாற்பது கிடைக்காது.
பதினெட்டு சாம்பல், பதினொன்று இன்னொரு சாம்பல்,
மிச்சத்துக்கு மீன்.
சமையலறைக்கா குளிமுறிக்கா என்று
அச்சடித்தவனுக்கே தெரியாத மீன்.
பேரம் பேசி ஆட்டோவில் ஏற்றினேன்.
மடியில் ஷவர் தலை, எண்ணூற்று இருபது.

இரண்டாம் நாள் உளி பைப்பைத் தொட்டது.
"சேச்சி, இங்க வந்து பாருங்க" என்றான் பினு.
துருப்பிடித்த எல்போ.
அதைச் சுற்றி சைக்கிள் ட்யூப்,
பட்டை பட்டையாக, இறுக்கி,
மேலே செம்புக் கம்பி, பதினாறு சுற்று.
எண்ணினேன்.
பிரித்தபோது ரப்பருக்கு அடியில்
இரும்பு நனையாமல் கறுப்பாக இருந்தது.

வீட்டை விற்ற ஞானாபரணம் சாருக்கு
கோபமாகத்தான் போன் போட்டேன்.
தபால் ஆபீஸ் குரலில், நிதானமாக,
"அதுவா? அது இன்னுமா நிக்குது?" என்றார்.
மகளுக்கு நர்சிங் பீஸ் கட்டின மாசம்.
ஒரு மாசத்துக்கு என்று கட்டினாராம்.
மகளுக்கே இப்போது கல்லூரி போகும் பையன்.
"என்ன கம்பி போட்டேன், செம்பா?"
"செம்பு."
"பாத்தியா" என்றார்.
திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

கணக்கு பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதில் நின்றது.
கீசர் இல்லை.
அதற்கு ஒரு பாயிண்ட் மட்டும் விட்டு
வாயை அடைத்து வைத்தான் பினு.
அறுநூற்று நாற்பது அடுத்த சீட்டுக்கு.

முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது.
அப்புறம் வெளுத்தது.
அப்புறம், அடடா, தலை முழுக்க விழுந்தது.
ஒரு துளை மட்டும் கோணல்.
கதவுப் பக்கம் பீய்ச்சுகிறது,
துண்டு தொங்கும் ஆணியைக் குறிபார்த்து.
ஊசி வைத்துக் குத்தினால் சரியாகும் என்கிறான் வில்பிரட்.
ஆணியை மாற்றினால் போதும் என்று
நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.