பியூவுக்கு ஒரு பொந்து

இன்சீன் பட்டறையின் ஏழாம் கொட்டகையில்
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்
தபால் பிரிக்கும் வண்டியை.
என் வேலை சின்னது:
நாற்பத்தெட்டுப் பொந்துகள்,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் ஊர்.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
நீளப் பெயருள்ள ஊர்கள் நீடூழி வாழ்க.

பட்டியலைக் கொண்டுவந்த பொறியாளர் டோ யீ மோன்
பெகுவைப் பகோ என்று எழுதச் சொன்னார்.
பழைய வண்டிக்குப் புதிய பெயரா என்றேன்.
பார்க்க வரும் பிள்ளைகளுக்கு எது புரியுமோ அது, என்றார்.
அதுவும் நியாயம்தான்.
கூலிச் சீட்டில் நான் மாங் ஸோ லின்.
வீட்டில் செவ்வந்திலிங்கம்.
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

முதலில் சுரண்ட வேண்டும்.
பச்சை, அதன் கீழே சாம்பல்,
அதன் கீழே பட்டாளத்தார் அவசரமாய்ப் பூசிய இன்னொரு பச்சை.
கடைசியில் தேக்கு.
மேசை விளிம்பில் அரக்குச் சொட்டுகள்
ரத்தம் குடித்த மூட்டைப்பூச்சிகள்போல வரிசையாக.

மூன்றாம் வரிசையில், கத்தி நுனியில்,
பென்சில்.
தமிழ்.

"மழை. பியூ பாலம் போச்சு.
நாலு மணி நேரமாய் நிற்கிறோம்.
பை முப்பத்தொன்று. அரிசி இல்லை.
சூ. அருளப்பன்."

ஏணியை விட்டு இறங்கி
ஒரு வெற்றிலை மென்றேன்.

பிறகுதான் தரையைக் கவனித்தேன்.
அந்த அடுக்குக்கு நேர் எதிரே
பலகையில் இரண்டு பள்ளம்.
என் கால்களை வைத்துப் பார்த்தேன்.
என்னைவிட அகலமாக நின்றிருக்கிறார் மனிதர்.
வளைவில் வண்டி சாயும்போது
எந்தக் காலில் பாரத்தை மாற்ற வேண்டும் என்று
ராத்திரி முழுக்கத் தெரிந்த கால்கள்.
வீட்டில், ஆடாத தரையில்,
எப்படித் தூங்கினாரோ.

தமிழில் முகவரி எழுதிய உறையெல்லாம்
அவர் பக்கம்தான் தள்ளியிருப்பார்கள்.
'தாசி ஜங்சனில் இறங்கி
தீவனக் கடையில் கேட்டால் சொல்லும்
முத்திருளாண்டிக்கு.'
'பின்மனா, அரிசி ஆலை,
ஒரு கண் சிறுத்த காத்தப்பன்.'
இவையெல்லாம் நானாக எழுதிக்கொள்பவை.
உறை ஒன்றும் கிடைக்கவில்லை.
கிடைத்தது இரண்டு குண்டூசி,
ஒரு செத்த பல்லி.

நாற்பத்திரண்டில் குண்டு விழுந்தபோது
வண்டி எந்தத் தண்டவாளத்தில் நின்றது என்று
பட்டறைப் பேரேட்டில் இருக்கிறது.
அருளப்பன் நடந்தாரா, இருந்தாரா,
அது பட்டறையின் கணக்கு இல்லை.

டோ யீ மோனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
படித்துச் சொல் என்றார்.
பர்மியத்தில் சொன்னேன்.
அரிசி இல்லை என்ற இடத்தில் மட்டும்
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"அந்தப் பாலம் போன வருஷமும் போச்சு" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"அதன்மேல் பெயின்ட் வேண்டாம். வார்னிஷ் போதும்."

பட்டியலில் நாற்பத்தேழு ஊர்தான்.
கீழ் மூலைப் பொந்துக்குப் பெயர் இல்லை,
ஆணி அடித்த தடமும் இல்லை.
உள்ளே கைவிட்டால்
மற்ற எதையும்விட வழவழவென்றிருக்கிறது.
எந்த ஊரென்று தெரியாதவை
அங்கே போயிருக்கும், வெகு காலம், வெகு அடிக்கடி.
சும்மா விட்டேன். அதற்குக் கூலி கேட்கவில்லை.

மழைக்காலம். பெயின்ட் காய மாட்டேன் என்கிறது.
பர்மியத்தில் பியூ ஒற்றை எழுத்து.
இருப்பதிலேயே குறைந்த கூலி.
ஒரு சுழி, அதைக் கட்டிப்பிடித்த வளைவு,
பக்கத்தில் இரண்டு பொட்டு,
கீழே இரண்டு கால்.

அரை நாள் ஆயிற்று அதற்கு.
கால்களைக் கடைசியில் போட்டேன்,
கொஞ்சம் அகட்டி.